பதில் வராத வீடு

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, அடுப்பில் புட்டுக்குழல் சீறிக்கொண்டிருக்க, சுமி அடுக்களை மேடையிலேயே லேப்டாப்பைத் திறந்துவைத்து நின்றாள். காரோடு ஊரில் நாற்பத்திரண்டு வீடுகள் சனிதோறும் வாழையிலையில் பொதிச்சோறு கட்டித் தரும். வாசகசாலைப் பிள்ளைகள் அதைத் திரட்டிக்கொண்டுபோய், நெய்யாற்றின்கரை ஆசுபத்திரியில் நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். மற்ற நாட்கள் மற்ற ஊர்களின் முறை. எந்த வீட்டில் எத்தனை பொதி என்று எழுதிய பழைய நோட்டுக்குப் பதிலாகச் சுமி ஒரு ஆப் செய்து கொடுத்திருந்தாள். போன சனிக்கிழமை அது கவிழ்ந்தது. திரையில் ஒரு பொதிகூட இல்லை. வாசகசாலைச் செயலாளர் நிபின் முடிந்த வீடுகளுக்கு மட்டும் ஓடிச் சேர்த்து ஆசுபத்திரி போக மணி இரண்டே கால். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் பன்னும் சாயாவுமாகப் பசியை ஏய்த்துவிட்டுக் கலைந்திருந்தார்கள்.

அந்தப் பாதிப்பேர்தான் வாரம் முழுக்க அவள் தலைக்குள் வரிசையில் நின்றார்கள். சம்பளத்துக்குச் செய்யும் வேலையில் பிழை வந்தால் மேலாளர் முகம் சுருங்கும். இங்கே ஒரு வயிறு சுருங்கும்.

பிழை எங்கே என்று கண்டுபிடித்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எட்டு மணிக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போனில் கேள்வி போகும். ஒன்பதுக்குள் பதில் வரவேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் அவள் எழுதியிருந்த வழிக்கு ஒரு குணம் உண்டு: நாற்பத்தொரு வீடு பதில் சொல்லி ஒரே ஒரு வீடு தவறினாலும், எல்லாவற்றையும் சேர்த்து வீசிவிடும். ஒரு தக்காளி அழுகியதற்குக் கூடையோடு ஆற்றில் தள்ளும் வியாபாரி எந்தச் சந்தையில் பிழைப்பான்? பிழையைச் சத்தமில்லாமல் பிடித்துப் பூஜ்ஜியமாக்குவது இன்னொரு வழி. அது அழுகியதை அடியில் வைத்து எடைபோடுகிற வியாபாரம்.

இரண்டுமில்லாத வழியை இந்த வாரம் எழுதினாள். எந்த வீடும் கத்தி ஊரைக் கூட்டவேண்டாம். பதிலானாலும் பிழையானாலும் ஒரு பொதியாகக் கட்டி அனுப்பட்டும். கூட்டிச் சொல்லும் நிரல் நல்ல பொதியை மட்டும் பிரிக்கும், பிழைப் பொதியைக் கட்டு அவிழ்க்காமல் அடுத்த நிரலுக்குத் தள்ளும். வண்டிக்கு வழி போடும் நிரலும் அப்படியே. கடைசியில் இரண்டு வகையையும் பிரித்துப் பார்த்தே தீரவேண்டும். தவறிய வீட்டுக்கு ஒரு காரணம் எழுதாமல் வேலை முடியாது.

வாசலில் நிபினுடைய வேனின் ஹாரன். "சுமி, இண்ணைக்கும் நோட்ட எடுக்கணுமா, இல்ல உனக்க சாதனம் வாய தொறக்குமா?"

"நோட்டையும் எடுத்துக்கோ. பேனால மை உண்டாண்ணும் பாத்துக்கோ."

ஒன்பது அடித்தது. திரையில் நாற்பத்தொரு வீடு, நூற்றுப் பதினெட்டுப் பொதி. அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: சரசம்மா, பதில் இல்லை. போன வாரத்துப் பதிவை எடுத்துப் புது நிரலில் ஓட்டிப் பார்த்தாள். அன்று கூடையைக் கவிழ்த்ததும் அதே வீடு.

"ஒண்ணுதானே மக்கா, விடு," என்றான் நிபின். "நூத்திப் பதினெட்டு தாராளம்."

"சரசம்ம மாமிக்க வீடுலே. மீன் பொரிச்சு வச்சுத் தருவாவல்லா. பதில் சொல்லாம இருக்க மாட்டாவ."

"அப்போ உனக்க ஆப்பு பயந்திருக்கும். அந்த மாமிக்க நாக்குக்கு நானே பயப்படுவேன்."

சுமிக்கு நிரலை விட அந்த வரிதான் இப்போது அரித்தது. வேனில் ஏறிக்கொண்டாள். சரசம்மாவின் வீட்டு கேட்டில் பூட்டு. முற்றத்தில் பல நாள் சருகு. பக்கத்து வீட்டிலும் ஆளில்லை. காத்திருக்க நேரமில்லாமல் மற்ற வீடுகளில் பொதிகளை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஆசுபத்திரியில் வரிசை நகரத் தொடங்கிவிட்டது. சுமி முகங்களைப் பார்க்காமல் கைகளைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நீண்ட ஒரு கை பொதியை வாங்கி, பிரிக்காமலே மூக்கருகே கொண்டுபோனது.

"விமலகுமாரிக்க வீட்டுக்கதாக்கும். சம்மந்தித் தொவையலுக்கு வறுத்த தேங்கா கருகிப்போச்சு."

சுமி நிமிர்ந்தாள். "மாமி?"

"மாமனுக்கு மூச்சு முட்டலு," என்றாள் சரசம்மா, சந்தையில் சந்தித்ததுபோல. "வந்து பதிமூணு நாளாச்சு. இப்போ கொஞ்சம் கொள்ளாம், தேறி வாறாவ."

"போன்ல கேட்டதுக்கு ஒரு பதில் போட்டிருக்கப்படாதா?"

"அதுல என்ன உண்டு? எத்தன பொதிண்ணு ஒரு கட்டம், இல்லண்ணு ஒரு கட்டம். பதினோரு வருசமா நான் இல்லண்ணு சொன்னதில்ல, பிள்ளே. வெரலு போவும், அமுக்க மாட்டுக்கு." பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு நகர்ந்தாள். "ஊருல சொல்லாதே."

வேனருகிலிருந்து நிபின் கேட்டான்: "அந்த ஒரு வீட்டுக்குக் காரணம் எழுதணுமே. என்ன போட?"

சுமி போனை எடுத்து ஆப்பைத் திறந்தாள். கட்டைவிரல் திரையின் வெற்றுக் கட்டத்துக்கு மேலேயே நின்றது. எதிர்ப் படிக்கட்டில் சரசம்மா பொதியை மடியில் வைத்து, அதைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றினாள். வீசவில்லை. வளையல் ஒதுங்கிய மணிக்கட்டில், மஞ்சளும் சிவப்புமாக ஏற்கெனவே கிடந்தவற்றோடு மாட்டினாள்.

"வீட்டுக்குப் போனா பொதி கெட்டணும்லா," என்று யாரிடமோ சொல்லிவிட்டு, இலையைப் பிரித்தாள்.