மூட்டை தூக்கின தோள்

கேள்வி கேட்டுக்கொண்டு வாசலுக்கு வருகிறவன் எவனும் எதையும் கொடுத்துவிட்டுப் போனதாக நான் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பெண் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றபோது கதவைப் பாதிதான் திறந்தேன். மீதிப் பாதியை என் உடம்பால் அடைத்துக்கொண்டேன்.

வெள்ளம் வந்தால் இந்தத் தெருக்காரர்கள் எந்த அளவுக்குத் தாக்குப்பிடிப்பார்கள் என்று கணக்கெடுக்கிறார்களாம். யாரை முதலில் படகில் ஏற்றுவது என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமாம். நல்லவள் மாதிரிதான் பேசினாள். நல்லவர்கள் மாதிரிப் பேசித்தான் ஆற்றோரத் தெருவையும் காலி பண்ணினார்கள். எங்களால் முடியாது என்று வாய்விட்டுச் சொன்ன வீடுகளைத்தான் முதலில் இடித்தார்கள். சொன்னவர்கள் இப்போது பஸ்கூடப் போகாத ஒரு கோடியில் கிடக்கிறார்கள்.

வீட்டில் உடம்பு முடியாதவர்கள் உண்டா என்றாள். இல்லை என்றேன். திரைக்குப் பின்னால் கட்டிலில் கிடந்த என் சம்சாரம் அந்த நேரம் பார்த்து இருமினாள். வாதம் வந்து இடது பக்கம் விழுந்ததிலிருந்து அவளுக்கு அந்தக் கட்டில்தான் உலகம்.

"அது யாருங்கய்யா?"

"என் சம்சாரம். சளி."

"தண்ணி வந்தா மாடி ஏறிடுவாங்களா?"

"அவ ஏறலைன்னா நான் தூக்கிட்டுப் போயிருவேன். கிடங்குல மூட்டை தூக்குன தோளும்மா இது. அவ ஒரு மூட்டைக்குக் காணமாட்டா."

அவள் சிரித்துவிட்டுக் கதவில் பச்சைத் தாள் ஒன்றை ஒட்டினாள். பச்சை என்றால் தாங்களே சமாளிப்பார்கள், படகு கடைசியில் வந்தால் போதும். எதிர்வீட்டுத் தையற்காரனுக்குச் சிவப்பு. முட்டிவலி, மூச்சிரைப்பு என்று எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறான், மடையன். முதல் கடப்பாரை உன் வீட்டுக்குத்தாண்டா என்றேன். நீங்க நீச்சல் கத்துக்குங்கண்ணே என்றான்.

அவள் தெருமுனை தாண்டுமுன் மழை பிடித்தது. மறுநாளும் விடவில்லை. வாசல் சாக்கடை நிரம்பி, ஓடவும் முடியாமல் நின்று நுரைத்தது. சம்சாரம் அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள்.

"எங்க, தூக்குங்க பாப்போம்."

"இப்ப எதுக்கு?"

"தண்ணி வந்தப்புறம் பாக்கறதுக்கா?"

கோபம் வந்தது. கட்டிலுக்கு முதுகைக் கொடுத்துக் குனிந்து, பழக்கத்தில் மூட்டையைப் போலவே அவளை முதுகில் ஏற்றினேன். எழுந்தும் விட்டேன். படிக்கட்டு பின்கட்டில், குளியலறையை ஒட்டி, ஒரு ஆள் போகும் அகலம். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மூட்டை தன் கனத்தை நம்மிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். மனுஷி அப்படி இல்லை. அவளுடைய வலது கை என் கழுத்தை நெரித்தது, இடது பக்கம் முழுக்கக் கீழே வழிந்தது. படி திரும்புகிற இடத்தில் என் முழங்கால் மடங்கிவிட்டது. அவளைச் சுவரோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலேயும் போக முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

"பச்சைத் தாளை நல்லா அழுத்தித்தான் ஒட்டிட்டுப் போயிருக்கா" என்றாள் காதுக்குள்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"தையக்காரரைக் கூப்பிடுங்க."

அவனையா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டுக் கூப்பிட்டேன். இன்னும் ஒரு தடவை, அடிவயிற்றிலிருந்து. மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கீழே குளியலறைக்குள் யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. தண்ணீர் போகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் சிவப்புக் குவளை கதவிடுக்கு வழியே மிதந்து வெளியே வந்தது. தரையில் அவசரமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி, கீழ்ப்படியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.