கூன்வண்டின் மஞ்சள் பட்டை

புதிதாகக் கண்ட கூன்வண்டு இனம் பற்றிய கட்டுரையைத் திங்கள்கிழமை ஆய்விதழுக்கு அனுப்பிவிடலாம் என்று பீமாராவ் சார் சொல்லியிருந்தார். மாலை வகுப்பில் விலங்கியல் படிக்கும் எனக்கும் சபிஹாவுக்கும் இதுதான் முதல் கட்டுரை. பகலெல்லாம் நான் வேலை பார்க்கும் தல்லாகுளம் கடையில் ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நின்றுவிட்டு, வீங்கிய காலோடு வந்து உட்கார்ந்து எழுதியது.

கீழக்குயில்குடி கோயிலுக்குப் பின்னால் ஓர் எருக்கஞ்செடியில் நான் மூன்று வண்டுகளைப் பிடித்தேன். கறுப்பு உடம்பு, கழுத்தும் இறக்கையும் சேரும் இடத்தில் ஒரு மஞ்சள் பட்டை. அந்தப் பட்டை வேறு எந்த இனத்துக்கும் இல்லை. லத்தீன் பெயரையும் அதை வைத்தே அமைத்திருந்தேன்.

இன்று சபிஹா, பழங்காநத்தத்தில் தன் வீட்டுப் பக்கத்து எருக்கில் பிடித்த ஒன்றைக் குப்பியில் கொண்டுவந்தாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நீண்ட மூக்கின் அடியில் அதே பள்ளம், காலில் அதே முள். பட்டை மட்டும் இல்லை.

பெண் வண்டாக இருக்கும் என்றேன். ஆண்தான் என்றாள். வயதாகி நிறம் உதிர்ந்திருக்கலாம் என்றேன். அவள் என் வண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்டி முத்துமீனா, நீ புடிச்ச அன்னைக்கு அங்க மஞ்சத்தண்ணி ஊத்துனாங்களா?"

அன்று திருவிழா முடிந்து மஞ்சள் நீராட்டு. என் துப்பட்டாவில்கூடக் கறை இருந்தது. வண்டுகளைத் தண்ணீரில் கழுவித்தான் பார்த்தேன், பட்டை போகவில்லை. இடுக்கில் தங்கிய மஞ்சள் கறை என்றைக்குத் தண்ணீருக்குப் போயிருக்கிறது?

சபிஹா கல்லூரி வாசல் பெட்டிக்கடையில் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கி வந்தாள். அதைக் கரைத்து, ஊசிமுனையால் ஒரு வண்டின் பட்டையில் தொட்டு வைத்தேன். மஞ்சள் மெல்லச் சிவந்தது.

"வண்டுக்கு ஆரத்தி எடுத்த மொத ஆளுக நாமதான்டி" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

சாருக்குப் போன் செய்தேன். பட்டை போனால் என்ன, அந்தப் பள்ளம் வேறெதிலும் இல்லையே, புது இனம்தான், திருத்தி எழுது என்றார். பட்டைக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தேன், பள்ளத்துக்கு ஒரே வரி. அதுவாவது நிஜமா என்று நாலு வண்டையும் திரும்பவும் புரட்டிப் பார்த்தேன். இருந்தது. நம்பிக்கை வராமல் சபிஹாவையும் பார்க்கச் சொன்னேன். இருக்கிறது என்றாள்.

கட்டுரைக்காக வண்ணம் தீட்டி வைத்திருந்த வண்டுப் படத்தை அவள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, புதுத் தாளில் கோடு போட ஆரம்பித்தாள். நான் லத்தீன் பெயரை அடித்துவிட்டு முதல் வரியை எழுதினேன்: உடல் முழுவதும் கறுப்பு.