மாறிக்கொண்டிருந்த களவா

"களவா மீன் பொறக்கும்போது எல்லாமே பொண்ணுதான், தெரியுமா? பெருசானதும் சிலது ஆணா மாறிடும்."

"நல்லவேளை, மனுஷங்களுக்கு அப்படி இல்ல. இருந்திருந்தா மாமியாரும் மாறி எனக்கு ரெண்டு மாமனார் ஆகியிருக்கும்."

கல்யாணமான புதிதில் அவனும் இவளும் பேசிக்கொண்டது. இவள் சொன்னதைக் கேட்டுப் புரையேறும்வரை சிரித்தான். இப்போதெல்லாம் அவனை அப்படிச் சிரிக்கவைப்பது மீன்கொத்திதான்.

மீன்கொத்தி என்பது ஆய்வுக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர். அவனோடு கடலில் மூழ்கும் சக பெண் ஆய்வாளர். மூழ்குமுன் ஒருவருடைய காற்றுக்குழாயை மற்றவர் சரிபார்க்க வேண்டும். அடியில் கையசைவிலும் கண்ணிலும்தான் பேச்சு. பாதுகாப்பு விதி என்று தெரிந்தும் இவளுக்கு வயிறு எரிந்தது.

இவளுடைய வேலை அதே ஆய்வுக்கூடத்தில், கரையில். மீனின் தலையைப் பிளந்து காதுக்கல்லை எடுப்பாள். தேய்த்துப் பார்த்தால் மரத்தைப் போல வளையங்கள் தெரியும். அவற்றை எண்ணினால் மீனின் வயது. குஞ்சுகள் கரையோரக் கடற்புல்லில் ஒளிந்து வளரும், பெரியவை ஆழத்துப் பாறை இடுக்குகளுக்குப் போய்விடும் என்பதெல்லாம் அவர்கள் எடுத்துவரும் படங்களில் பார்த்ததுதான். அவன் பக்கத்தில் நின்று அந்த இடுக்குகளைப் பார்க்க வேண்டும் என்று இவளுக்கு வெகுநாள் ஆசை. பொறாமையில் கேட்கிறாள் என்று நினைத்துவிடுவானோ என்று கேட்காமலே இருந்தாள்.

அன்று பனிப்பெட்டியில் வந்த பெரிய களவாவின் அட்டையில் மீன்கொத்தியின் கையெழுத்தில் 'ஆண்' என்றிருந்தது. வயிற்றைக் கீறினால், சினை. ஒரு துண்டை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே முடிவு சொல்வது வழக்கம். இவளுக்குப் பொறுக்கவில்லை. அவனும் மீன்கொத்தியும் டீ குடித்துக்கொண்டிருந்த அறைக்குத் தட்டோடு போனாள்.

"மேடம், நீங்க ஆண்னு எழுதின மாப்பிள்ளை வயித்துல முட்டை வச்சிருக்காரு."

மீன்கொத்தி எட்டிப் பார்த்தாள். "அட, நல்லா ஏமாந்துட்டேன் போல."

"ஸ்லைடு பாத்தியா?" என்றான் கணவன்.

"இதுக்கு எதுக்குங்க ஸ்லைடு? கண்ணுக்கே தெரியுதே."

அவன் எழுந்துபோய் ஒரு துண்டை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தான். குனிந்தவன் நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு இவளைப் பார்க்கச் சொன்னான். சுருங்கிக்கொண்டிருந்த முட்டைகளுக்கு நடுவே ஆண் அணுக்கள் திட்டுத்திட்டாக முளைத்திருந்தன.

"பொண்ணுலேர்ந்து ஆணா மாறுற பாதி வழியில இருக்கு. இப்படி ஒண்ணு கிடைக்காதான்னு எத்தனை நாளாத் தேடினோம்!" என்றான் மீன்கொத்தியிடம்.

'தேடினோம்' என்ற சொல் இவளைச் சுருக்கென்று குத்தியது.

"நீங்க கீறலேன்னா தெரிஞ்சே இருக்காது," என்று இவள் தோளைத் தட்டிவிட்டு, மீன்கொத்தி மற்றவர்களை அழைத்துவரப் போனாள். அந்த நல்ல குணம்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"தப்பா நினைக்காத," என்றான் அவன். "அடியில பெட்டைங்களத் துரத்திக்கிட்டு இருந்துச்சு. அதான் அவங்க ஆண்னு எழுதினாங்க. நீ பாத்திருந்தா நீயும் அப்படித்தான் எழுதியிருப்ப."

"நான் எங்க பாத்தேன்?"

குரல் உடைந்ததை அவன் கவனித்துவிட்டான். "என்னம்மா, ஸ்லைடு போடாததுக்கா இவ்வளவு வருத்தம்?"

"ஸ்லைடும் இல்ல, ஒண்ணும் இல்ல." கையுறையைக் கழற்றினாள். "எனக்கு அவங்க மேல பொறாமைதான். இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்காகக் கேக்கல, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். எனக்கும் முக்குளிக்கக் கத்துக்கொடுங்க. நானும் உங்ககூட அடியில வரணும்."