வடக்கே போன அப்பா

சுவரில் மாட்டியிருந்த நாட்டுப் படத்தில் வடக்கைக் குச்சியால் தொட்டுக் காட்டிவிட்டு, மூன்றாம் வகுப்பு டீச்சர் கேட்டாள்: "இப்ப வடக்கு எங்க இருக்கு? கை காட்டுங்க பாப்போம்."

வகுப்பு மொத்தமும் கூரையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டியது.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப தெற்கு?"

எல்லா விரல்களும் தரைக்கு இறங்கின. ஒருவன் இதில் என்ன சந்தேகம் என்பதுபோலக் காலால் இரண்டு மிதி மிதித்துக் காட்டினான்.

முதல் பெஞ்சுக்காரி மட்டும் கை தூக்கவில்லை. வாய் ஓயாத பிள்ளை என்பதால் வகுப்பில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். அன்று மேசைமேல் முகத்தைக் கவிழ்த்துத் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, வயிறு வலிக்குதா?"

"எங்கப்பா வடக்க போயிட்டாரு டீச்சர்."

"தெரியுமே. வேலைக்குத்தானே போயிருக்காரு?"

"தாத்தாவும் மேலதான் போனாரு. திரும்பி வரவே இல்ல."

டீச்சருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. மணி அடித்த பிறகு பக்கத்தில் உட்காரவைத்து மெல்ல விசாரித்தாள். அப்பா வடக்கே மலையில் சுரங்கப்பாதை தோண்டும் வேலையில் இருந்தார். கொஞ்ச நாளாக அவரிடமிருந்து போன் இல்லை. போன வருஷம் தாத்தா இறந்தபோது பெரியவர்கள் "மேல போயிட்டாரு" என்று சொல்லியிருந்தார்கள். படத்தில் வடக்கு மேலே இருந்தது. பிள்ளை கணக்குப் போட்டுவிட்டது.

மறுநாள் காலை டீச்சர் படத்தைக் கழற்றித் தரையில் விரித்தாள். வெயில் வரும் ஜன்னல் பக்கம் கிழக்கு வரும்படி அதைத் திருப்பி வைத்தாள். வடக்கு இப்போது கரும்பலகைப் பக்கம் போனது. அந்தச் சுவருக்கு வெளியேதான் சைக்கிள் ஸ்டாண்ட்.

"அப்ப வடக்கு சைக்கிள் ஸ்டாண்டா டீச்சர்?"

"அதையும் தாண்டி. ரொம்ப தூரம்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராகப் படத்தின்மேல் நடந்தார்கள். ரேடியோ தங்கள் ஊரிலிருந்து கிளம்பி, பழுப்பு நிறத்தில் இருந்த மலைகளில் போய் நின்றாள்.

"இங்கயா அப்பா இருக்காரு? ரயில் போகுமா?"

"போகும். அப்புறம் பஸ்."

"தாத்தா எங்க?"

சாமிகிட்ட என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். டீச்சருக்கு மனம் வரவில்லை. "தாத்தா இந்தப் படத்துல இல்லம்மா. போன வருஷம் வரைக்கும் நம்மகூட இருந்தாரு. அவரப் பத்திப் பேசலாம், போய்ப் பாக்க முடியாது. அது வரலாறு. அப்பா இப்பவும் இருக்காரு, தூரமா இருக்காரு, அவ்வளவுதான். அது புவியியல்."

வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார். "என்ன டீச்சர் இது, நாட்டுப் படத்து மேல காலா? இன்ஸ்பெக்டர் கண்ணுல பட்டா என் தலைதான் உருளும்."

"செருப்பக் கழட்டிட்டுத்தாம்மா..."

"முதல்ல சுவத்துல மாட்டுங்க."

படம் சுவருக்கே போனது. மதியம் டீச்சர் முற்றத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வேறு படம் வரைந்தாள். கடற்கரை ஒருபக்கம் வீங்கிவிட்டது. "நாடு குண்டாயிடுச்சு டீச்சர்!" என்று பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். இதில் ஓடலாம், குதிக்கலாம், யார் தலையும் உருளாது.

சாயங்காலம் ரேடியோவின் அம்மா வந்தாள். துணி ஆலையில் தையல் வேலை அவளுக்கு. டீச்சர் சொல்லக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ராத்திரியெல்லாம் தூங்காம அழுதா டீச்சர். செல்லம் கொஞ்சுறான்னு நினைச்சுத் திட்டினேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எனக்கும் உள்ளுக்குள்ள பயந்தான். யாரக் கேக்குறதுன்னு தெரியல" என்றாள்.

காலையில் கோபித்த அதே தலைமையாசிரியைதான் கம்பெனி நம்பரைத் தேடிப்பிடித்துத் தன் போனிலேயே பேசினார். பனிப்பொழிவில் டவர் பழுதாம். ஆள் நன்றாக இருக்கிறாராம். வேலை முடிந்ததும் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிடச் சொல்கிறோம் என்றார்கள். அலுவலக அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். பியூன் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். போன் அடித்தது.

"அப்பா, எங்க இருக்க?"

"மேல இருக்கேன் செல்லம், நல்லா மேல. மலை உச்சியில."

அறையில் இருந்த மூன்று பெண்களுக்கும் பகீரென்றது. ரேடியோ முகத்தைச் சுளித்தாள்.

"மேலன்னு சொல்லாதப்பா. வடக்கன்னு சொல்லு."

"சரி தாயே, வடக்க இருக்கேன்."

அதற்குப் பிறகு அவர் பேச இடமே கிடைக்கவில்லை. குண்டான நாட்டைப் பற்றியும், அம்மா திட்டியதைப் பற்றியும் அவள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை சார்ஜரைத் தேடி எடுத்து வந்து, பேச்சு அறுபடாமல் போனில் சொருகிவிட்டுப் போனார்.