பிரிண்டருக்குப் பின்னால் ஒரு பல்லி

...அப்படியானால் கோளாறு வயரில் இல்லை, வயரை மாற்றியாயிற்று, புது வயரிலும் அதே டக் டக் டக், சொருகும் இடத்தையும் மாற்றிப் பார்த்தாயிற்று, முன்பக்கம் சொருகினாலும் பின்பக்கம் சொருகினாலும் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை, பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்து அதில் மாட்டினால் அங்கேயும் டக் டக் டக், பிறகு ஒரு கிர்ர், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓர் அமைதி. அப்போ கோளாறு ஹார்டு டிஸ்க்கின் வயிற்றுக்குள்தான். கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய இடி வேறென்ன வேண்டும், இத்தனை வருஷ வேலையும் இந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது, ஒப்பாரி வைக்க வேண்டிய நேரம், ஆனால் சங்கரிக்கு அழுகை வரவில்லை, உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்போல் ஓர் அரிப்பு. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பெட்டிமேல் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். அம்மாடி, எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது! படிக்கும் முள் ஓடிப்போய்த் தேடுகிறது, இடம் கிடைக்காமல் திரும்புகிறது, மறுபடி ஓடுகிறது. வீட்டுக்குள் சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்துபோனவர்கள் அங்கும் இங்கும் நடக்கிற மாதிரி.

"சங்கரீ, கேட்டியாட்டி?" அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல். "பல்லி சொல்லுது பாரு! ஏரல் மாப்பிள்ள வீட்டப் பத்தி இப்பதான் நெனச்சேன், டக்குனு சொல்லுது!"

ஸ்க்ரூடிரைவர் காதிலேயே நின்றுவிட்டது. பல்லியா? எந்தப் பல்லி? மேசை சுவரை ஒட்டிக் கிடக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் அடுப்பு, அடுப்புக்கு மேலே சாமிப் படங்கள்... இருக்காது, சும்மா இரு, அவசரப்படாதே. பைய வயரைப் பிடுங்கினாள். சுவர் அமைதியானது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி சொருகினாள். டக் டக் டக். "ஆங், திரும்பவும் சொல்லிட்டு!" என்றாள் அம்மா சொர்ணாம்பாள், குரலில் அப்படி ஒரு சந்தோஷம். போச்சு, குடி முழுகிப் போச்சு. சங்கரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள், சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஏனென்றால் இந்தப் பல்லி சும்மா ஒன்றும் சொல்லவில்லையே, அம்மாவுக்கு முட்டுவலிக்கு டாக்டர் வேண்டாம், தைலமே போதும் என்று சொன்னது இதுதான், மாடியைப் பழைய வாத்தியார் குடும்பத்துக்கே வாடகைக்கு விடு என்று சொன்னது இதுதான், போன மாதம் தரகர் நாறும்பூநாதன் அண்ணாச்சி ஏரல் வரனைக் கொண்டுவந்தபோது அவர் காப்பியை வாயில் வைப்பதற்குள் முந்திக்கொண்டு சொன்னதும் இதேதான். அதுவும் எப்போதும் ஒரே மூலையிலிருந்து சொல்லுகிறதாம், அதனால் பலன் பலமாம், அம்மா காலண்டரின் பின்பக்கத்துப் பல்லி பலனைத் திருப்பிக் காட்டினாள். ஒரே மூலைதான் அம்மா, பிரிண்டருக்குப் பின்னால் ஹார்டு டிஸ்க் அங்கேதானே கிடக்கிறது!

அம்மாவைக் குற்றம் சொல்லி என்ன. சங்கரியின் முதல் கல்யாணத்துக்குப் பத்துக்குப் பத்துப் பொருத்தம், ஜோசியர் நெற்றியில் கைவைத்துக் கும்பிட்டார், இப்படி ஒரு ஜாதகம் அமையாது தாயீ என்றார், இரண்டு வருஷத்தில் கோர்ட்டு வாசல். அன்றைக்கு ஜாதகத்தைப் பரணில் தூக்கிப் போட்டவள்தான் அம்மா, பிறகு மனுஷன் வாக்கு எதுவும் வேண்டாம், பல்லி ஒன்று போதும் என்று வந்துவிட்டாள். இப்போது போய் அம்மா, அது பல்லி இல்லை, சாகக் கிடக்கிற ஹார்டு டிஸ்க் என்று சொன்னால்? அவ்வளவுதான், ஏரலுக்கு உடனே போன் போகும், வேண்டாம் என்று. போகட்டுமே... உண்மையைச் சொல்வதில் என்ன வந்தது? ஆனால் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? சரி, முதலில் டிஸ்க்கில் இருப்பதை நகல் எடு, அதுதான் அவசரம், காலையிலேயே முழுச் சோதனை போட்டு அதை வேறு பாடாய்ப் படுத்தியாயிற்று, திரையில் மஞ்சள் எச்சரிக்கை வந்ததுமே நிறுத்தியிருக்க வேண்டும், நோயாளியை ஓடவிட்டு நாடி பார்த்த கதை. எதை முதலில் எடுப்பது? உவரி மாதா கோயில் கல்யாண ஆல்பம், ஸ்டூடியோவில் மூலப் படங்கள் இருக்கும், ஆனால் பக்கம் பக்கமாக இழைத்தது இங்கே மட்டும்தான், அதை முதலில் போடு. தன் பழைய கல்யாணப் படங்கள்... அந்த ஃபோல்டர்மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நகர்த்தினாள். பச்சைக் கோடு நத்தையாக நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது.

மாப்பிள்ளை குமரகுருபரன் அன்றைக்குப் போனில் கேட்டாரே! ஏரலில் கணக்கு வாத்தியார், அவருக்கும் இது இரண்டாவது கல்யாணம், முதல் தடவை பேசும்போது இவள்தான் படபடவென்று ஆல்பம், ஆற்று வெயில், மாடிக் குடித்தனம் என்று என்னவெல்லாமோ உளறிக்கொண்டிருந்தாள், அவர் நடுவில், "ஒங்க பக்கம் ஏதோ சத்தம் கேக்கே?" என்றார். பல்லி என்றாள். "பல்லி இவ்வளவு கணக்காவா சொல்லும்?" என்று சிரித்தார். அன்றைக்கு அவளுக்குச் சுர்ரென்று ஏறியது, இன்னும் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை, அதற்குள் எங்கள் வீட்டுப் பல்லிக்குக் குற்றம் கண்டுபிடிக்கிறாரா? இப்போது நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது. அந்த மனுஷன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இவள் உளறலை மட்டுமில்லை, உளறலுக்குப் பின்னால் கிடந்த சத்தத்தையும் சேர்த்து. முன்பு புருஷனாகக் கூட இருந்தவன் இவள் பேச ஆரம்பித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவான்... ஆனால் ஒரு சத்தத்தைக் கேட்டதற்காக ஒருவரைப் பிடித்துப்போகுமா? பைத்தியக்காரத்தனம். பிடித்திருக்கிறதா என்ன? எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது அதை, வயரை மாற்றிப் பார்க்க முடியுமா, லேப்டாப்பில் சொருகிப் பார்க்க முடியுமா? டிஸ்க் தொட முடியாமல் சுட்டது. கொஞ்சம் ஆறட்டும் என்று வயரைப் பிடுங்கி மேசையில் போட்டாள், உவரிக் கல்யாணம் பாதியில் நின்றது.

அம்மா போனை முந்தானையால் பொத்திக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். "ஏட்டி, அண்ணாச்சி லைன்ல நிக்காவ. சாயங்காலம் பூ வைக்க வரலாமான்னு ஏரல்ல கேக்காவளாம். என்ன சொல்ல?" கேட்டாளே தவிர சங்கரியைப் பார்க்கவில்லை, பிரிண்டருக்கு மேலே சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூலை பேசவில்லை. எப்படிப் பேசும், வயர் இங்கே கிடக்கிறது. சொருகினால் சொல்லிவிடும், அம்மா முகம் மலர்ந்துவிடும், காரியம் முடிந்தது, ஆனால் இன்னொரு தடவை சொருகினால் டிஸ்க் தாங்குமா என்று தெரியாது, மிச்ச வேலையெல்லாம் கையை விட்டுப் போனாலும் போகும். சொருகாவிட்டால் அம்மா இன்னொரு நாள் பார்க்கலாம் என்பாள், இன்னொரு நாள் என்றால் ஏரல்காரர்கள் வேறு இடம் பார்க்கப் போய்விடுவார்கள், அந்தக் குரலை இனி கேட்க முடியாது. பார்த்தால் வயர் அவள் விரல்களுக்கு நடுவில் இருக்கிறது, எப்போது எடுத்தாள்? சீ, என்ன வேலை இது, வேலையெல்லாம் போனாலும் போகட்டும் என்று... அவ்வளவு வேண்டியிருக்கிறதா எனக்கு?

"வரச் சொல்லும்மா."

"பல்லி ஒண்ணும் சொல்லலியேட்டி."

"அதான் நான் சொல்லுதேன்லா."

அம்மா அப்போதுதான் சுவரை விட்டுவிட்டு இவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை விலக்கிப் போனைக் காதில் வைத்தாள். "அண்ணாச்சி, வரச் சொல்லுங்க. எம் மவ சொல்லிட்டா," என்று சொல்லிக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். சங்கரி வயரைக் கீழே வைத்தாள், பயமா, சந்தோஷமா, இரண்டும்தான் போல. பிடித்துப்போய்ச் சொன்னேனா, இல்லை ஒருவரும் பேசாமல் இருந்ததைப் பொறுக்காமல் சொன்னேனா? யோசித்து யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. முன்னால் ஜோசியர் சொன்னார், மாமா சொன்னார், அம்மா சொன்னாள், அவனும் அவன் பங்குக்கு என்னவோ சொன்னான், அந்தக் கல்யாணத்தில் தான் என்ன சொன்னோம் என்று தேடினால் ஒரு வார்த்தைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.