ஒன்பது மாடி ஏறாத செய்தி

நாகையா மேசைமேல் ஓங்கி அறைந்தார். கத்தரித்த செய்தித்தாள் துண்டு ஒன்று மலரின் கைப்பக்கம் வந்து விழுந்தது.

"இத எழுதுனது நீங்கதான?"

அவள் பெயர்தான் இருந்தது. 'கிள்ளான் அடுக்குமாடியில் மின்தூக்கி மீண்டும் இயங்குகிறது. டத்தோ திறந்து வைத்தார்.' கூடவே ரிப்பன் வெட்டும் படம்.

"வந்து பாத்தீங்களா?"

மலர் போகவே இல்லை. தொகுதியின் மக்கள் பிரதிநிதியான டத்தோவின் ஆள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிக்கை அது. இந்த பிரிக்ஃபீல்ட்ஸ் நாளிதழ் அலுவலகத்தில் உட்கார்ந்து, தே தாரேக் டீ ஆறுவதற்குள் எழுதி முடித்திருந்தாள்.

"ரிப்பன் வெட்டுனாங்க, போட்டோ புடிச்சாங்க, போய்ட்டாங்க. லிஃப்ட் ஒரு நாள்கூட ஓடல. எங்கம்மாவுக்கு வாரம் மூணு டயாலிசிஸ். ஒன்பது மாடியும் என் முதுகுலதான் எறங்குறாங்க. டத்தோ சேவை மையத்துல புகார் குடுத்தா ஒங்க பேப்பர நீட்டுறான். 'அதான் ஓடுதுன்னு போட்டிருக்கே லா'ங்குறான்."

மலர் பையை எடுத்தாள். "வாங்கண்ணே, போவோம்."

கிள்ளானில் படியேறும்போது ஐந்தாம் மாடியிலேயே அவளுக்கு மூச்சு முட்டியது. ஒன்பதாம் மாடியில் நாகையாவின் அம்மா பவுனம்மாள் கதவைப் பிடித்தபடி நின்றார். "பேப்பர்க்காரியா? லிஃப்ட்லயா வந்த?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையே முதல் வரியாக வைத்து, மாலையில் எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் வரி: 'மூன்று மாதங்களுக்கு முன் இந்த நாளிதழ், நேரில் போய்ப் பார்க்காமல் பொய் எழுதியது.'

ஆசிரியர் பரமேஸ்வரன் இரண்டு வரியையும் அடித்தார். மேலே, 'டத்தோவின் மேலான கவனத்திற்கு' என்று எழுதினார்.

"டத்தோ பேரு மேல இருந்தாதான்மா வேல நடக்கும்."

"போன தடவையும் மேலதான் சார் இருந்துச்சு."

"பொய்யின்னு நாமளே போட்டா பேப்பர் மானம் என்னாகும்?"

"அந்த பிளாட்டுல முந்நூறு வீடு. அது பொய்யின்னு அத்தன பேருக்கும் மூணு மாசமா தெரியும். இன்னைக்கும் டத்தோவ மேல தூக்கி வச்சா, நாளைக்கு எதப் போட்டாலும் நம்ப மாட்டாங்க. அந்த ரெண்டு வரி இல்லாம இது போகாது சார்."

பரமேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் எறிந்தார்.

"சரி, போட்டுத் தொல. எட்டாம் பக்கம், மூலையில."

"பொய் மூணாம் பக்கத்துல வந்துச்சு. நாலு பத்தி."

அவளை முறைத்துக்கொண்டே ஃபோனை எடுத்துப் பக்க வடிவமைப்பாளரைக் கூப்பிட்டார். "அய்யாவு, மூணாம் பக்கத்துல டத்தோ படம் ஒன்னு இருக்குல்ல? அதத் தூக்கு. அங்க நாலு பத்தி எடம் வேணும்."