பத்தாவது மீட்டர்

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை வைத்திருக்கிறேன். அது பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் தம்பிக்கு மூச்சு கொடுக்கும் இயந்திரத்தின் பச்சை விளக்கு ஒரு நண்பகலில் ஒரே ஒரு முறை சிமிட்டியது. ஏன் என்று மருமகளைக் கேட்டேன். ஊருக்கு மின்சாரம் பிரித்து அனுப்பும் அறையில் அவளுக்கு வேலை.

1

அன்று வானம் இருண்டு, காற்று...

வேண்டாம். அந்த அறையில் ஜன்னலே கிடையாதாம்.

"திரையில தெரியுறதெல்லாம் அளந்ததுன்னு நினைக்காதீங்க அத்தை. எல்லா இடத்துலயும் மீட்டர் வைக்க முடியுமா? இருக்குறத வச்சு மீதியக் கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி கணிக்கும்."

(அடடே, நான் கதை எழுதுவதும் இப்படித்தானே!)

2

முதல் மின்பாதை சூடேறிவிட்டது. பத்து நிமிடத்துக்குள் சுமையை இரண்டாம் பாதைக்கு மாற்ற வேண்டும். இரண்டாம் பாதையில் மின்சாரம் ஓடுகிறது என்று ஒன்பது மீட்டர்கள் ஒரே பாட்டுப் பாடின. பத்தாவது மட்டும், அந்தப் பாதையில் மின்சாரமே ஓடவில்லை என்றது. கெட்ட மீட்டர் என்று கம்ப்யூட்டர் அதை ஒதுக்கியது. ஒருவேளை அது சொல்வது நிஜமானால், சுமையை மாற்றியதும் பாதி ஊர் அணைந்துவிடும். தம்பி இயந்திரத்தின் பேட்டரி அந்த வாரம் பார்த்துத்தான் பழுது நீக்கப் போயிருந்தது.

மருமகள் துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ரெண்டாவது லைன் சுவிட்ச் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு மேடம். ரெண்டு தடவ பாத்துட்டேன். இன்னொரு தடவ பாத்தா சுவிட்சுக்கே வெக்கம் வந்துரும்."

3

முதல் பிரதியில் இந்த மனிதரை நாற்காலியை விட்டு எழாத சோம்பேறி ஆக்கியிருந்தேன். மருமகள் படித்துவிட்டு முகம் சுளித்தாள்.

"பாவம் அத்தை, வெயில்ல நடந்து போய்தான் பாத்தாரு. சுவிட்ச் கைப்பிடி போட்டபடிதான் இருந்துச்சு."

என் கதைக்கு ஒத்துவராத உண்மை. ஒதுக்கிவிடக் கை துறுதுறுத்தது.*

* ஒதுக்கவில்லை. சோம்பேறியைத்தான் கோடு போட்டு அடித்தேன்.

4

"கைப்பிடிய விடுங்கண்ணே. அது போட்டிருந்தாலும் மேல சுவிட்ச் தகடு சேராம நிக்கலாம். அண்ணாந்து பாருங்க, மேல தகடு மூணும் ஒழுங்காப் போய்ச் சேர்ந்திருக்கா?"

"ஒம்போது மீட்டர விட்டுட்டு ஒத்த மீட்டர நம்புறீங்களே மேடம்!"

"நம்பல. கேக்குறேன். ஓடுங்கண்ணே, நாலு நிமிஷம்தான் இருக்கு."

அவர் ஓடினார். கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்தார்.

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். மூன்று தகடும் சேர்ந்திருந்தன என்று ஒரு முடிவு எழுதினேன். ஒன்று ஒரு விரல் அகலம் விலகி நின்றது என்று இன்னொன்று. (அப்படியானால் சுமையை அனுப்ப, சுற்றிக்கொண்டு போகும் மூன்றாம் பாதை ஒன்றும் இருக்கிறது, சொல்ல மறந்தேன்.) இரண்டையும் கிழித்தாயிற்று. உங்களுக்கு இரண்டே அளவுகள் தருகிறேன். பச்சை விளக்கு சிமிட்டியது, அணையவில்லை. பக்கத்து அறையிலிருந்து தம்பி இப்போது, "கத முடிஞ்சுதாக்கா? பசிக்குது!" என்கிறான்.

மீதியைக் கணித்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு விளக்குகள் சிமிட்டினாலும் அணையாதிருக்கட்டும். பசிக்கிறது என்று கத்த, உள்ளறையில் எப்போதும் ஒரு குரல் இருக்கட்டும்.